சேர், சமயம் இல்லாவிட்டால் 1915 வந்திருக்குமா?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் தரம் 11க்கு 1915 கலவரத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு பாடவேளை. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு மகன் எழும்பினான். "சேர், சமயம் எண்டு ஒண்டு இல்லாட்டி 1915உம் வந்தீக்காது, திகனயும் வந்தீக்காது. அப்ப சமயம் எதுக்கு சேர்?"

வகுப்பு அப்படியே அடங்கிப்போனது. சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள், சேர் ஏசப்போகிறார் என்று. எனக்கு ஏச மனம் வரவில்லை. 2018 மார்ச்சில் அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயது. திகனயில் எரிந்த கடைகளில் ஒன்று அவனுடைய மாமாவுடையது. அவன் கேட்டதில் குதர்க்கம் இருக்கவில்லை. "நாளைக்குச் சொல்றேன் மகன்" என்றேன். சொல்லி ஒரு வாரமாகிறது. இங்கே எழுதிப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், நம் ஊரில் சமயம் எப்படி இருந்தது என்று பார்ப்போம். புத்தகத்தில் உள்ள வரைவிலக்கணத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்.

றொபட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரை எல்லோருக்கும் தெரியும். 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்துக்குள்ளேயே கிடந்தவர். தப்பிப்போய் 1681இல் இலண்டனில் ஒரு புத்தகம் போட்டார். அதில் முஸ்லிம்களைப் பற்றி ஓரிடம் வருகிறது. கண்டி நகரத்தில் முஸ்லிம்களுக்கு ஒரு பள்ளிவாசல் இருந்ததாம். காணியுள்ள ஒவ்வொரு குடியானவனும் அதற்கு ஒரு பணம் கொடுக்க வேண்டும் என்று முன்னைய அரசர்கள் சலுகை வழங்கியிருந்தார்களாம். (பணம் என்பது அந்தக் காலத்து ஒரு சிறு நாணயம்.) முஸ்லிம்கள் வீடு வீடாகப் போய் அதை வாங்கினார்கள். வீடு பூட்டியிருந்தால் கதவை உடைத்து, அந்தப் பெறுமதிக்குப் பொருளை எடுத்துக்கொள்ளவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்ததாக நொக்ஸ் எழுதுகிறார்.

இன்றைக்கு ஊர்ப் பள்ளிவாசல் சந்தா கேட்டு வரும் ஹாஜியாரைக் கண்டால் நாமே கதவைச் சாத்துகிறோம். அது வேறு கதை.

நொக்ஸ் சொல்வதைக் கவனித்துப் பாருங்கள். பௌத்தக் குடியானவன் ஒருவன் பள்ளிவாசலுக்குப் பணம் கொடுக்கிறான். அல்லாஹ்வை நம்பிக் கொடுக்கவில்லை. கொடுத்ததால் அவனுடைய பௌத்தம் குறைந்துபோகவும் இல்லை. அந்த நாட்டில் காணி வைத்திருப்பவன் செய்ய வேண்டிய கடமைகளில் அதுவும் ஒன்று. விகாரைக்குச் சொந்தமான கிராமத்தில் இருப்பவன் விகாரைக்கு வேலை செய்ய வேண்டும், தேவாலயக் கிராமத்தில் இருப்பவன் தேவாலயத்துக்கு. நம்மவர்களுக்கும் கடமை இருந்தது. மடிகே என்று ஒரு பகுதி, பொதி மாட்டுப் போக்குவரத்துக்கானது. அதில் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். தவளம் கட்டி, மலைப்பாதை வழியே கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மேலே கொண்டு வந்தார்கள். போகும்போது பாக்கு இறங்கியது. மலைநாட்டுக்குள் உப்பு விளையும் கடல் இல்லை. ஆகவே மாடு ஓட்டியவனை யாரும் 'வந்தான் வரத்தான்' என்று தள்ளிவிட முடியாது.

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவர்களுக்கு இடம் கொடுத்தவர் கண்டி அரசர் செனரத். கிட்டத்தட்ட நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார் என்பது வரலாறு. அவருக்கு இரக்கம் இருந்திருக்கலாம். வயல் செய்யவும் எல்லையைக் காக்கவும் ஆள் தேவை என்ற கணக்கும் இருந்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருப்பதில் பிழை என்ன?

1760இல் நடந்தது இன்னும் விசித்திரம். அப்போது அரியணையில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சம், பிறப்பால் இந்து. ஆனால் இலங்கையில் பௌத்தம் இன்று இருக்கும் நிலைக்கு அவரளவுக்குச் செய்த அரசர்கள் குறைவு. அற்றுப்போயிருந்த உபசம்பதாவை 1753இல் சியாமிலிருந்து தேரர்களை அழைத்து மீட்டது அவர் காலத்தில்தான். நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என்று நான்கு தேவாலயங்களின் ஊர்வலமாக இருந்த எசல பெரஹராவில் தலதாவை முன்னே போகச் செய்தவரும் அவரே. அப்படிப்பட்டவர் திருநீறு பூசுகிறார் என்று சில பிரதானிகளுக்கும் பிக்குமாருக்கும் மனக்கசப்பு. பண உபதேசம் கேட்க வரும் அரசரை, அடியில் கூர்முனைகள் நட்ட குழிக்கு மேலே போட்ட ஆசனத்தில் உட்கார வைத்து முடித்துவிடுவது திட்டம். விஷயம் அரசரின் காதுக்குப் போய்விட்டது. கொண்டுபோனவர் கோபால முதலியார், அரண்மனை மருத்துவர் குடும்பத்து முஸ்லிம். அவருக்கு அரசர் காணி கொடுத்தார்.

இந்து வம்சத்து அரசர், பௌத்தத்தின் காவலர், அவரைக் கொல்லப் பார்த்த பௌத்தப் பிரதானிகள், காப்பாற்றிய முஸ்லிம் வைத்தியர். இந்தக் கதையில் யார் எந்தச் சமயத்தின் பக்கம் என்று கோடு கீற முடியுமா? வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நமக்குப் பழக்கமான கோடு அங்கே இல்லை.

நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் இன்னொரு கதையும் உண்டு. போர்த்துக்கேயர் துரத்திய அரசரை, பங்கரகம்மனையில் ஒரு முஸ்லிம் பெண் மரப்பொந்தில் ஒளித்து வைத்தாராம். எதிரிகள் கேட்டும் காட்டிக் கொடுக்காமல் உயிரை விட்டாராம். அரசர் அவரை 'என்னைக் காத்த இரத்தம்' என்று சிங்களத்தில் சொல்ல, அதிலிருந்துதான் 'மரக்கல' என்ற பெயர் வந்ததாம். மொழியறிந்தவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மரக்கலத்தில் வந்தவர்கள் மரக்கலத்தார், அவ்வளவுதான். எந்த அரசர் என்பதில்கூட கதை சொல்பவர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் இந்தக் கதையை நம் ஆட்கள் மட்டும் சொன்னால் அது வெறும் பெருமை. சிங்களப் பெரியவர்களும் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். ஒருவருக்கொருவர் கடன்பட்டிருக்கிறோம் என்பதை மறக்காமல் இருக்க இரண்டு பக்கமும் சேர்ந்து பேணிய கதை என்றுதான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடன் என்றதும் ஒரு விஷயம். 'தீன்' என்கிறோமே மார்க்கத்தை, அதே மூன்று அரபு எழுத்துகளிலிருந்து வருவதுதான் 'தைன்', கடன். ஸூரதுல் மாஊனை நம் பிள்ளைகள் மதரஸாவில் முதல் வருடத்திலேயே மனனம் செய்கிறார்கள். தீனைப் பொய்யாக்குபவன் யார் என்ற கேள்வியோடு தொடங்கும் அந்தச் சிறிய அத்தியாயம் எங்கே போய் முடிகிறது? அயலவனுக்கு அற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பதில். சட்டி பானை, உப்பு, தண்ணீர் என்றெல்லாம் அதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். நம் மார்க்கத்திலேயே சமயம் என்பது உள்ளத்து நம்பிக்கையோடு நின்றுவிடவில்லை. அடுத்த வீட்டானுக்கு நான் என்ன கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன் என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது.

அரசர் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. சாதிப்படிதான் வேலை, கட்டாய ஊழியம், அரசருக்குக் கோபம் வந்தால் தலை இல்லை. அந்தக் காலத்துக்குத் திரும்பிப்போக எனக்கு ஆசையில்லை. ஆனால் அங்கே சமயங்களுக்கு இடையில் கொடுக்கல் வாங்கல் இருந்தது. அது எப்படி அறுந்தது என்பதுதான் அந்த மகனின் கேள்விக்கான பாதி பதில்.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கை. அதன் 5ஆவது பிரிவு புத்த சமயத்தை மீறமுடியாதது என்று சொல்லி, அதன் கிரியைகளையும் குருமாரையும் வணக்கத்தலங்களையும் பேணிப் பாதுகாப்பதாக வாக்களித்தது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த கிறிஸ்தவ அரசு கொடுத்த வாக்கு. அதை அந்த அரசு எவ்வளவு காப்பாற்றியது என்பது தனிக்கதை. இரண்டே வருடத்தில், 1817இல், வெல்லஸ்ஸ முஸ்லிம்களைத் திசாவையின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி என்ற முஸ்லிம் ஒருவரை அவர்களுக்கு முஹந்திரமாக நியமித்தார்கள். நம்மவருக்குக் கிடைத்த பதவிதானே என்று தோன்றும். ஆனால் உள்ளூர்ப் பிரதானிகள் அதைத் தங்கள் மீது விழுந்த அடியாகப் பார்த்தார்கள். ஹாஜி முஹந்திரம் கொல்லப்பட்டார். ஊவா கிளர்ச்சி அதோடுதான் தொடங்கியது. மேலே இருப்பவன் ஒரு கூட்டத்தைத் தனியே பிரித்துத் தூக்கிவிடும்போது, கீழே இருக்கும் அயலவர் உறவு என்னாகும் என்பதற்கு எனக்குத் தெரிந்து நம் மலைநாட்டில் அதுதான் முதல் உதாரணம்.

அதன்பிறகு நூறு வருடம். பாதை, ரயில், கோப்பி, தேயிலை, அச்சுக்கூடம், குடிசன மதிப்பு. எல்லோரும் தங்களைத் தாங்களே எண்ணத் தொடங்கினார்கள். சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் ஒரு கட்டுரை வாசித்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு எழுதினார். கடமைகளின் பட்டியலாக இருந்த சமயம், 'நாம் யார், எத்தனை பேர், சபையில் எத்தனை கதிரை' என்ற கணக்கானது அப்போதுதான். அந்தக் கணக்கு நமக்குத் தேவையாகவும் இருந்தது, அதை மறுக்க முடியாது. நம் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, படியுங்கள் படியுங்கள் என்று கத்தியிருக்காவிட்டால் நானும் இன்று ஆசிரியர் இல்லை. நம்மை நாமே ஒரு சமூகமாகப் பார்த்ததன் நல்ல பலன் அது.

இப்போது கம்பளைக்கு வருவோம்.

கம்பளை வல்லஹகொட தேவாலயம் கதிர்காமத் தெய்வத்துக்குரியது, நம் தமிழ் அயலவர்களின் முருகன்தான். அதன் பெரஹரா அம்பகமுவ வீதி வழியாகப் போகும். அந்த வீதியில் கரையோர முஸ்லிம்கள் ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கமிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள், நம்மவர்கள் 'சம்மாங்காரர்' என்று கூப்பிட்ட ஆட்கள். பள்ளிவாசலுக்கு முன்னால் மேளம் அடிக்கக் கூடாது என்று அவர்கள் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். பள்ளிவாசலுக்கு இருபுறமும் குறிப்பிட்ட தூரத்துக்கு மேளத்தை நிறுத்தினால்தான் அனுமதி என்றது நிர்வாகம். 1912இல் தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே, அப்படியானால் பெரஹராவே வேண்டாம் என்று நிறுத்திவிட்டு வழக்குப் போட்டார்.

கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டவர் போல் ஈ. பீரிஸ், வரலாற்று நூல்கள் எழுதிய அதே பீரிஸ்தான். 1914 ஜூன் 4ஆம் திகதி, 1815 உடன்படிக்கையின் 5ஆவது பிரிவை வைத்து, பெரஹரா மேளத்தோடு போகலாம் என்று தீர்ப்பளித்தார். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1915 பெப்ரவரி 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. வீதியில் மேளத்துக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் பிற்காலச் சட்டங்களின் வேலை, உடன்படிக்கை அதற்கு மேலானதல்ல என்ற நிலைப்பாடு.

இந்த இடத்தில் நான் நிறுத்தி யோசிப்பதுண்டு. யுத்த காலம், சாமான் விலை ஏறிக்கொண்டிருந்தது. கரையோர முஸ்லிம் கடைக்காரர் கடன் தர மறுக்கிறார், விலையைக் கூட்டுகிறார் என்ற ஆத்திரம் கிராமங்களில் இருந்தது. அநகாரிக தர்மபால போன்றவர்களின் எழுத்து அந்த ஆத்திரத்துக்கு எண்ணெய் ஊற்றியது. இதையெல்லாம் நம்மவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வருடத்தில் சில நாள், ஒரு வீதியைக் கடந்து போகும் மேளத்தைப் பொறுத்துக்கொள்ள அந்த ஜமாஅத்தால் ஏன் முடியவில்லை என்று நாம் அதிகம் கேட்டதில்லை. அவர்களுக்குப் பக்கத்திலேயே, தலைமுறை தலைமுறையாகப் பெரஹரா மேளம் கேட்டு வளர்ந்த கண்டி முஸ்லிம்கள் இருந்தார்கள். 'வெதராளலாகே கெதர', 'முஹந்திரம்லாகே கெதர' என்று இன்னும் சிங்கள வீட்டுப் பெயர் வைத்திருக்கும் குடும்பங்கள். தொழுகை நேரத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக அடியுங்கள் என்று ஒரு நிலமேயிடம் நேரில் போய்ச் சொல்லக்கூடியவர்கள். அவர்களுக்கு இதில் வேலையிருக்கவில்லை, ஏனென்றால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் 'எனக்கு உரிமை இருக்கிறது' என்று நின்றது. உரிமை இருந்ததும் உண்மைதான்.

1915 மே 28, வெசாக் இரவு, கண்டி. பக்திப் பாடல் பாடும் கூட்டம் காசல் ஹில் வீதிக்கு வருகிறது. அங்கிருந்த பள்ளிவாசலுக்கு முன்னால் நின்றவர்கள் கூச்சலிட்டுக் கேலி செய்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. பொலிஸார் கூட்டத்தைத் திருப்பப் பார்த்தார்கள். பிறகு கல். விடியும்போது நகரத்தில் கடைகள் உடைந்து கிடந்தன. ரயில் ஓடிய வேகத்தில் செய்தியும் ஓடி, கொழும்பு, குருநாகல் என்று பரவியது. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம். உத்தியோகபூர்வக் கணக்கில் 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், நாலாயிரத்துக்கு மேல் கடைகள் சூறையாடப்பட்டன, 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. அடக்குமுறையில் சுட்டுக் கொல்லப்பட்ட சிங்களவர்களின் எண்ணிக்கை அதைவிடக் கூட. அதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்வது குறைவு.

அம்பகமுவ வீதிப் பெரஹரா நிறுத்தப்பட்ட அதே 1912இல் பிரான்ஸில் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் எமில் துர்கைம், சமூகவியலின் முன்னோடிகளில் ஒருவர். சமயம் என்றால் என்ன என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் இன்றும் பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கப்படுகிறது. சுருக்கமாகச் சொன்னால், புனிதமானவற்றைப் பற்றிய நம்பிக்கைகளும் கிரியைகளும் சேர்ந்து, அவற்றைப் பின்பற்றுபவர்களை ஒரே ஒழுக்கச் சமூகமாகக் கட்டிவைப்பதே சமயம். நல்ல விளக்கம். ஜும்ஆவில் தோளோடு தோள் நிற்கும்போது நாமே அதை உணர்கிறோம். ஆனால் அவர் பெரிதாக ஆராய்ந்தது அவுஸ்திரேலியப் பூர்வகுடிகளின் குலங்களை, ஒரு குலத்துக்கு ஒரு புனிதம். கண்டிக்கு வந்திருந்தால் திண்டாடியிருப்பார். தலதா மாளிகையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் நாலு தேவாலயம், ஒரு அங்கிலிக்கன் தேவாலயம், கொஞ்சம் நடந்தால் கோயில், பள்ளிவாசல்கள். நம்மை ஒன்றாகக் கட்டும் அதே கயிறு பக்கத்துத் தெருக்காரனை வெளியே விடுகிறதே, அவனோடு எந்தக் கயிறு என்று அவரிடம் கேட்டிருக்கலாம். நம் ஊரில் அந்தக் கயிறு ஒரு காலத்தில் ஒரு பணமாக, ஒரு பொதி உப்பாக இருந்தது.

என் உம்மாவின் வாப்பா நகரத்தில் சின்னதாகப் புடவைக்கடை வைத்திருந்தார். பெரஹரா இரவுகளில் வியாபாரத்தை மூடிவிட்டு, முன் விறாந்தையில் பாய் விரித்துவிடுவார். ஹேவாஹெட்டப் பக்கமிருந்து வரும் ஒரு குடும்பம் வருடா வருடம் அதே இடத்தில் உட்கார்ந்து பெரஹரா பார்க்கும். செம்புப் பானையில் தண்ணீர் வைப்பது என் வேலை. "அப்பா, பெரஹரா பார்க்கிறது நமக்கு ஹராமா?" என்று ஒருமுறை கேட்டேன். "நீ பாக்க வேணாம், தண்ணியப் பாரு" என்றார். அந்தப் பதிலை மார்க்க அறிஞர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ. எனக்கு அது போதுமாக இருந்தது.

2018ஐப் பற்றி நான் அதிகம் எழுதத் தேவையில்லை. தெல்தெனியவில் நம் இளைஞர்கள் சிலர் ஒரு சிங்கள லொறிச் சாரதியை அடித்தார்கள், அவர் இறந்துபோனார். அது கொலை. அதற்குச் சமயமும் இல்லை, நியாயமும் இல்லை. அதன் பிறகு நடந்ததற்கும் நியாயம் இல்லை. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம், அடுத்த நாள் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கம். 1915இல் ரயில் செய்த வேலையை இந்த முறை கைபேசி செய்தது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பேஸ்புக் நிறுவனமே, தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு 2020இல் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைக்கு அந்த வருத்தம் வந்து சேரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் தெருவில் அந்த மூன்று இரவும் முச்சந்தியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள், பல வருடமாக எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி போய்க்கொண்டிருந்த சிங்கள வீடுகளின் ஆண்கள். பேச்சு வார்த்தை இல்லாத வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நாங்களும் அந்த வீடுகளுக்குப் போனதில்லை.

ஆகவே மகன், உன் கேள்விக்கு வருகிறேன். சமயம் இல்லாவிட்டால் 1915 வந்திருக்காது என்றாய். இருக்கலாம். விலையேற்றத்துக்கும் கடனுக்கும் வேறொரு பெயரில் சண்டை வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. ஆனால் அதே சமயம்தான் 1760இல் ஒரு வைத்தியரை அரசரிடம் ஓட வைத்திருக்கலாம், உப்புப் பணத்தின் நன்றி மட்டும் அதற்குக் காரணமாக இருந்திருக்காது. எதுக்கு என்று நீ கேட்டதை நான் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். உன்னுடைய தீனினால் உன் பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன கிடைக்கிறது? என்னிடமே இதற்குச் சரியான பதில் இல்லாத வருடங்கள் இருந்திருக்கின்றன.

2025 ஏப்ரலில், பதினாறு வருடத்துக்குப் பிறகு தலதாவை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். நாடு முழுக்கத் திரண்டு வந்தது. வரிசை மைல் கணக்கில் நீண்டு, சனம் இரவில் வீதியிலேயே படுத்தது. நகரத்துப் பள்ளிவாசல்கள் பல கதவைத் திறந்து விட்டன, நீங்களும்தான் வந்து நின்றீர்கள். எங்கள் பள்ளியில் எனக்குத் தேநீர்ப் பொறுப்பு. இரவு இரண்டு மணியிருக்கும், மொனராகலைப் பக்கத்து வயதான அம்மா ஒருவர், வெள்ளைச் சேலை, கால் வீங்கியிருந்தது. ஹவ்ழுக்குப் பக்கத்தில் தயங்கி நின்றார். "மகத்தயா, மெதன கக்குல் ஹோதகன்ட புளுவன்த?" இங்கே கால் கழுவலாமா என்று. நாங்களும் இங்கேதான் கால் கழுவுகிறோம் அம்மா என்றேன். அவர் குனிய முடியாமல் தவிக்க, தேநீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பொடியன் போய்க் கோப்பையால் தண்ணீர் அள்ளி ஊற்றினான்.

போன வாரம் கேள்வி கேட்ட அதே பொடியன். அன்றைக்கு அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இதையும் சேர்த்து நாளைக்கு வகுப்பில் சொல்லப்போகிறேன். அடுத்த மாதம் தரம் 11ஐக் கம்பளைக்குக் கூட்டிப்போய் அம்பகமுவ வீதியை நடந்து பார்க்க அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். பஸ்ஸுக்கு இடம் போதாது. வேன் வைத்திருக்கும் உறவுகள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.